தாதர் ஸ்டேஷனில் நின்றவர்

பாடாலூர்
ஐப்பசி 12, சனிக்கிழமை

அன்புள்ள தம்பி அமிர்தலிங்கத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், விக்கிரமங்கலத்தில் உன் தங்கை கொளஞ்சியும் மாப்பிள்ளை தர்மனும் சுகம், மதுரகாளித் தாய் புண்ணியத்தில் அங்கே நீயும் காய்ச்சல் தலைவலி என்று எதுவும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு உடம்போடு இருப்பாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போட்ட கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. தை மாதம் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று படித்ததும் உன் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று யார் சொன்னது. ஆனால் தம்பி, அந்தக் கல்யாணத்துக்கு நாங்கள் ரயில் ஏறுவதும் ஏறாததும் இந்தக் கடிதத்துக்கு நீ எழுதப்போகிற பதிலில்தான் இருக்கிறது. அதனால் அம்மா புலம்புகிறாள் என்று பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரைக்கும் படி.

முதலில் ஊர்ச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் மழை வர வேண்டிய நேரத்தில் வராமல், வந்தபோது ஒரேயடியாகக் கொட்டிவிட்டது, செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போட்டவர்கள் எல்லாம் அழுகல் விழுந்து தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். நமக்கு நிலமும் இல்லை அழுகலும் இல்லை. உன் அப்பா பஞ்சர் கடைக்கு மழை என்றால் தனி யோகம், மெயின் ரோட்டில் பள்ளம் விழ விழ லாரிக்காரன் நம் கடை வாசலில்தான் வந்து நிற்கிறான். ஈரத்தில் குந்தி உட்கார்ந்து டயர் கழற்றிக் கழற்றி அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, ராத்திரி எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுகிறேன், காலையில் மறுபடியும் போய்விடுகிறார், சொன்னால் கேட்கிற ஆளா. எனக்குச் சத்துணவுக் கூடத்தில் வேலை ஒழுங்காகப் போகிறது, டீச்சரம்மா நல்ல மாதிரி, அடுப்புப் புகைதான் கண்ணைக் கரிக்கிறது. கொளஞ்சிக்கு இது ஐந்தாம் மாதம், மாங்காய் வேண்டும் என்கிறாள், ஐப்பசியில் மாங்காய்க்கு நான் எங்கே போவேன், நெல்லிக்காயில் உப்பும் மிளகாயும் போட்டுக் கொடுத்தனுப்பினேன். தை மாதம் அவளால் அவ்வளவு தூரம் ரயிலில் வர முடியாது, அண்ணன் கல்யாணத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று அழுகிறாள், நீ அவளுக்குத் தனியாக ஒரு கார்டு போட்டு நாலு நல்ல வார்த்தை எழுது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தில் எழுதியிருந்தாய், தாதர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குங்கள், அன்றைக்கு எனக்கு லீவு கிடைக்காது, எங்கள் பேங்க் மேனேஜர் வேணுகோபால் சார் ஸ்டேஷனுக்கே வந்து உங்கள் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போவார், மாட்டுங்காவில் மண்டபம் பார்த்தது, சமையலுக்குச் சொன்னது எல்லாமே அவர்தான், இந்த ஊரில் எனக்குப் பெரியவர் என்று நிற்பவர் அவர்தான் என்று. வழக்கம் போல அப்பாவுக்கு நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது, நான் ஐந்தாவது வரை படித்தது வேறு எதற்கு உதவியதோ இல்லையோ உன் கடிதம் படிக்க உதவுகிறது. அந்த வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். அப்பா, என்ன நிறுத்திட்ட, மேல படி என்கிறார். எனக்கு எழுத்து கண்ணில் நிற்கவில்லை. அந்த வேணுகோபால் சாரிடம் அன்றைக்கு நீ சொன்னது உனக்கு மறந்துபோயிருக்கும். சொன்னவனுக்கு மறந்துபோகும் தம்பி, கேட்டவளுக்கு எப்படி மறக்கும். சித்திரைக் கடைசியில் நாங்கள் பம்பாய் வந்தபோது நீ லீவு போட்டு ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றிக் காட்டினாயே, அன்று சாயங்காலம் ரயிலுக்குள் நடந்ததைத்தான் சொல்கிறேன். உன் அப்பாவிடம் இன்று வரைக்கும் நான் அதை மூச்சு விடவில்லை. அவர் பக்கத்தில் நின்றாலும் நான் எழுதுவதை அவரால் படிக்க முடியாது, ஆனால் என் முகத்தைப் படித்துவிடுவார், அதனால் அவர் கடைக்குப் போன பிறகு எழுதுகிறேன்.

அன்றைக்குக் காலையில் எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. முலுண்டில் ரயில் ஏறும்போது கூட்டம் இல்லை, உட்கார இடம் கிடைத்தது. நீ அப்பாவின் சட்டைப் பையில் வீட்டு விலாசம் எழுதின சீட்டை வைத்து, தொலைஞ்சுட்டா யார்ட்டயாவது காட்டுங்க என்று சொன்னாய், அவர் என்னைப் பார்த்து, என்ன ஆட்டுக்குட்டி மாதிரி தொலையறதுக்கு என்று சிரித்தார். கடலோரத்தில் அந்தப் பெரிய வாசலைக் காட்டினாய், வெள்ளைக்கார ராஜா வந்து இறங்கியதற்காகக் கட்டினது என்றாய், அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இம்புட்டுச் செலவு பண்ணி வாசல் கட்டுனவன் ஒரு கதவு போடலியே என்றார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நீ சிரிக்கவில்லை, மெதுவாப் பேசுங்கப்பா, பக்கத்துல தமிழ் தெரிஞ்சவங்க இருப்பாங்க என்றாய். தமிழ் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களும்தான் சிரிக்கட்டுமே என்று எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு மியூசியம், மாடி பஸ், கடற்கரையில் பொரியில் வெங்காயமும் புளித்தண்ணியும் போட்டுக் கலக்கிக் கொடுத்தது, மலை மேல் தோட்டத்தில் செடியை யானை மாதிரியும் ஒட்டகம் மாதிரியும் வெட்டி வைத்திருந்தது, எல்லாம் பார்த்தோம். ஆனால் நேரம் போகப் போக நீ எங்களோடு நடக்கவில்லை, எங்களுக்கு முன்னால் நடந்தாய். அப்பா வெயிலுக்குத் துண்டைத் தலையில் கட்டினார், அவிழ்க்கச் சொன்னாய். மியூசியத்துப் படியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், இது கோயில் இல்லப்பா என்று பல்லைக் கடித்தாய். போட்டோக்காரன் மூன்று பேரும் நில்லுங்கள் என்று கூப்பிட்டபோது நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க, நான் அடிக்கடி வர்ற இடம்தானே என்று ஒதுங்கிக்கொண்டாய். எங்களுக்காக லீவு போட்டு அலைகிற பிள்ளை, களைப்பாக இருக்கும் என்றுதான் நான் என் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பொழுது சாயும் நேரத்துக்குத் தாதர் ஸ்டேஷனுக்கு வந்தோம். தம்பி, சமயபுரம் தேரோட்டத்தில்கூட நான் அப்படி ஒரு கூட்டம் பார்த்ததில்லை, தேர்க் கூட்டத்தில் யாருக்கும் அவசரம் இருக்காது, இங்கே அத்தனை பேருக்கும் வீடு தீப்பிடித்த மாதிரி அவசரம். நீ ரயில் வருவதற்கு முன்னாலேயே சொன்னாய், வண்டி நிக்கிறது கண்ணு சிமிட்டுற நேரம்தான், நின்னதும் யாரையும் பாக்காம ஏறிடணும், அம்மா மொதல்ல, அப்பா ரெண்டாவது, நான் கடைசியா ஏறுறேன் என்று. அப்பாவும் தலையை ஆட்டினார். ரயில் வந்து நின்றதும் என்னைத் தள்ளி ஏற்றினாய், எனக்குக் கால் எங்கே கை எங்கே என்று தெரியவில்லை, கூட்டமே என்னை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டது. திரும்பிப் பார்க்கிறேன், கூட்டம் உன்னையும் எனக்குப் பின்னால் அள்ளிக்கொண்டு வந்துவிட்டது. உன் அப்பா மட்டும் வாசலுக்கு நேரே இல்லை, ஓரமாக ஒதுங்கி, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஏறுகிறவர்களுக்கு எல்லாம் வழி விட்டு நிற்கிறார். ஒருத்தர் ஏறுகிறார், அடுத்தவருக்கும் கையைக் காட்டுகிறார், அதற்கு அடுத்தவருக்கும். அப்பா ஏறுங்க, ஏறுங்க என்று நீ கத்துகிறாய், அவர், இவுங்க ஏறிக்கட்டும்ப்பா என்பது மாதிரி தலையை ஆட்டுகிறார். ரயில் நகர்ந்துவிட்டது. அவர் முகம் அப்படியே பின்னால் போயிற்று.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும், நீ ஓடுகிற ரயிலில் இருந்து குதிக்கப் பார்த்தாய், அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பாசம் இல்லாத பிள்ளை என்று நான் உன்னை என்றைக்கும் சொல்ல மாட்டேன். வாசலில் தொங்கிக்கொண்டிருந்த ஒருவர் உன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்து, என்னப்பா அமிர்தலிங்கம், உயிர் மேல ஆசை இல்லையா என்று அதட்டினார். உன் முகம் வெளுத்துப்போயிற்று, சார், சார் என்றாய், அப்போதுதான் உங்கள் பேங்க் மேனேஜர் என்று தெரிந்தது. மகராசன் நன்றாக இருக்கட்டும், அன்று அவர் கை பிடிக்காவிட்டால் நான் இன்று யாருக்குக் கடிதம் எழுதுவேன். அவர் உன்னை நிலையாக நிற்க வைத்துவிட்டு, கொஞ்சம் சிரித்துக்கொண்டே கேட்டார், யாருய்யா அந்தப் பெரியவரு, கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி எல்லாரையும் வாங்க வாங்கன்னு உள்ள அனுப்பிட்டு நின்னாரே, ஒங்க ஆளா என்று. பக்கத்தில் தமிழ் தெரிந்தவர்கள் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள் போலிருக்கிறது, அவர்களும் சிரித்தார்கள். நீ குனிந்துகொண்டாய். ஊர்க்காரரு சார், ஊர் பாக்கணும்னு எங்க கூட வந்தாரு என்றாய். அவர் என்னைக் காட்டி, இவங்க என்று கேட்டார். எங்க அம்மா சார் என்றாய்.

எனக்கு அந்தக் கூட்டமும் சத்தமும் எல்லாம் நின்றுபோன மாதிரி ஆகிவிட்டது. என்னை அம்மா என்று சொன்னாய், என் கழுத்தில் தாலி கட்டினவர் ஊர்க்காரர் ஆகிப்போனார். அவர் தோளில் உட்கார்ந்து நீ சிறுவாச்சூர் தேர் பார்த்தவன். லாரி டயரில் காற்றடித்து அடித்து உன்னைத் திருச்சி காலேஜில் படிக்க வைத்தவர். நான் அப்போதே வாயைத் திறந்திருப்பேன், ஆனால் அவர் எங்கே நிற்கிறாரோ என்னவோ என்ற பயத்தில் எனக்கு நாக்கு எழவில்லை. வேணுகோபால் சார் நல்ல மனசோடுதான் சொன்னார், பதறாதீங்கம்மா, அடுத்து குர்லால எறங்கி எதிர் வண்டியில போனா ஆளு அங்கயேதான் நிப்பாரு, ஊர்க்காரங்க எங்கயும் போயிட மாட்டாங்க என்று. அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்த வார்த்தை திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

குர்லா வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இறங்கி, பாலம் ஏறி, எதிர் ரயில் பிடித்து, மறுபடியும் தாதருக்கு வந்தால் அவர் நின்ற இடத்தில் அவர் இல்லை. அந்த இடம் எனக்கு நன்றாக நினைவு இருந்தது, டீக்கடைக்குப் பக்கத்துத் தூண். தூண் இருக்கிறது, டீக்கடை இருக்கிறது, ஆளைக் காணவில்லை. அம்மா இங்கயே நில்லு, அசையாத என்று சொல்லிவிட்டு நீ ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்க்க ஓடினாய். ஒலிபெருக்கியில் என்னவோ சொன்னார்கள், இந்தியோ மராட்டியோ, அவருக்கு என்ன புரியும். அவருக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாது, போர்டு படிக்கத் தெரியாது, முலுண்டு என்ற பேரே அவர் வாயில் நுழையாது. அடுத்த ரயிலில் ஏறி எங்காவது போய்விட்டாரா, ஏறப்போய்த் தவறி விழுந்தாரா, மனசு எதையெல்லாமோ நினைக்கிறது. பிளாட்பாரத்தின் நடுவில் ஒரு கும்பல் கூடிக் குனிந்து கீழே பார்த்துக்கொண்டு நின்றது. அசையாதே என்று நீ சொன்னதை எங்கே கேட்பது, ஆட்களைப் பிளந்துகொண்டு போய்ப் பார்த்தால் எவளோ ஒரு மீன்காரியின் கூடை கவிழ்ந்து மீன் எல்லாம் சிதறிக் கிடக்கிறது. நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன், மீன்காரி தன் மீனுக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

பிறகு எழுந்து கூப்பிட ஆரம்பித்தேன். என்னவென்று கூப்பிடுவேன், சொல். கல்யாணமான நாளில் இருந்து நான் அவரைப் பேர் சொன்னதில்லை, ரேஷன் கடையில் கேட்டால்கூட கொளஞ்சியைத்தான் சொல்லச் சொல்வேன். ஏங்க ஏங்க என்று கத்தினேன், எவனும் திரும்பவில்லை. அமிர்தம் அப்பா, அமிர்தம் அப்பா என்று கத்தினேன். அந்த இரைச்சலில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை, ஒரு ரயில் போனால் இன்னொரு ரயில். இருட்டத் தொடங்கிவிட்டது, விளக்குப் போட்டுவிட்டார்கள். அதற்கு மேல் எனக்கு வெட்கம் என்ன, சாஸ்திரம் என்ன, ஆள் கிடைத்தால் போதும் என்று ஆகிவிட்டது. தங்கசாமி என்று கத்தினேன். இதோ இந்தத் தாளில் எழுதுவதற்கே கை கூசுகிறது, அன்று அத்தனை பேர் நடுவில் தொண்டை கிழிய, தங்கசாமி, ஏ தங்கசாமி என்று கத்திக்கொண்டே பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்கு ஓடினேன். அங்கே கூரை முடிந்து வெட்டவெளி வருகிற இடத்தில், மூட்டை அடுக்கி வைத்திருந்ததற்கு அந்தப் பக்கத்தில் இருந்து அவர் எழுந்து வந்தார். வந்து கேட்ட முதல் வார்த்தை என்ன தெரியுமா, பேரச் சொல்லிக் கூப்புடுற அளவுக்கு என்னாடி ஆயிருச்சு, பயலுக்கு ஏதாச்சுமா என்றார். அவர் தொலைந்துபோனது அவருக்குத் தெரியவில்லை தம்பி. உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நடுங்கிப்போய் வந்தார்.

நீ பின்னாலேயே ஓடி வந்து அவரைத் திட்டினாய். ஏறுன்னா ஏற வேண்டியதுதான, இது என்ன நம்மூரு டவுன் பஸ்ஸா, இன்னும் எத்தன காலத்துக்குத்தான் இப்பிடி ஒதுங்கி ஒதுங்கி நிப்பீங்க என்று கத்தினாய், உன் கண்ணில் தண்ணீர் நின்றது. அதற்கு நான் வருத்தப்படவில்லை. பெற்றவரைப் பிள்ளை பதற்றத்தில் திட்டுவது எந்த வீட்டிலும் உண்டு, சொந்தம் என்பதால்தான் திட்டுகிறோம். நீ அதை நினைத்துத்தான் அப்பா என் மேல் கோபமாக இருக்கிறாரா என்று அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். அவருக்குக் கோபமே இல்லை. மறுநாள் நீ ஆபீசுக்குப் போன பிறகு அவர் என்னிடம் எல்லாம் சொன்னார். அந்தத் தூணுக்குப் பக்கத்தில்தான் நின்றாராம், ஒவ்வொரு ரயில் வரும்போதும் ஏறுகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறோமே என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி நின்று கடைசியில் அந்தக் கோடிக்கே போய்விட்டாராம். மூட்டை தூக்குகிறவர் ஒருவர் வந்து என்னவோ கேட்டிருக்கிறார், இவர் தமிழிலேயே, எம்பையன் பேங்க்ல ஆபீசரு, இப்ப வந்துருவான் என்று சொன்னாராம். அவரும் புரிந்த மாதிரி தலையை ஆட்டி மூட்டையில் உட்காரச் சொன்னாராம். சட்டைப் பையில்தான் விலாசம் இருந்ததே, யாரிடமாவது காட்டியிருக்கலாமே என்று நான் கேட்டேன். அதெப்புடி, சீட்டக் காட்டுனா பையன் விட்டுட்டுப் போயிட்டான்னுல்ல ஆயிரும், எம்பையன் என்னய விட்டுட்டுப் போவானா என்றார். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

இன்னும் எத்தனை காலத்துக்கு என்று கேட்டாய் அல்லவா, அதற்கு அன்று அவர் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில், அம்மனுக்கு மாவிளக்குப் போட சிறுவாச்சூர் போவதற்கு இதே பாடாலூரில் பஸ்ஸுக்கு நின்றோம். அப்போது பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தார். புதுப் பெண்டாட்டிக்கு உட்கார இடம் பிடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் முன்னால் தாவி ஏறிவிட்டார். மேலத்தெரு ஆள் ஒருவர், எங்களுக்கு முன்னால ஏறுற அளவுக்கு வந்துட்டியா என்று கேட்டு, கழுத்தில் கிடந்த துண்டோடு சேர்த்துப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டார். விழுந்தவர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பஸ் போய்விட்டது, மாவிளக்குத் தட்டோடு சிறுவாச்சூர் வரைக்கும் நடந்தே போனோம், வழி நெடுக வேறு எதையெல்லாமோ பேசிக்கொண்டு வந்தார், அதைப் பற்றி மட்டும் பேசவில்லை, இந்த நாள் வரைக்கும் பேசினதில்லை. அந்தக் காலம் போய்விட்டது, இன்றைக்கு நம் கடைக்கு அந்தத் தெருப் பிள்ளைகள் வந்து அண்ணே காத்தடிச்சு விடுங்க என்று கேட்கிறார்கள். ஆனால் கால் பழகின பழக்கம் போகவில்லை. அவர் ஒதுங்கி நிற்பதைப் பார்த்து ஊரார் சிரிக்கலாம், காரணம் அவர்களுக்குத் தெரியாது. நீ அவர் பிள்ளை, அவர் ஒதுங்கினால் கையைப் பிடித்து ஏற்ற வேண்டியவன், நீயே அவரை விட்டு ஒதுங்கிக்கொள்ளலாமா.

இப்போது என் கவலை என்ன என்று உனக்குப் புரிந்திருக்கும். தை மாதம் தாதரில் நாங்கள் இறங்குகிறோம், வேணுகோபால் சார் வந்து நிற்கிறார், உன் அப்பாவைப் பார்க்கிறார். அவர் மறந்திருக்க மாட்டார், தான் பார்த்துச் சிரித்த முகத்தை யாரும் மறப்பதில்லை. அடடே, அன்னைக்கு வந்த ஊர்க்காரரா, அமிர்தலிங்கத்தோட அப்பா எங்க என்று அவர் வாயில் ஒரு வார்த்தை வந்தால் போதும், அவர் மேல் ஒரு தப்பும் கிடையாது, நீ சொன்னதைத்தானே அவர் சொல்வார். உன் அப்பாவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் புத்தி உண்டு, ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வார். புரிந்தாலும் ஒன்றும் கேட்க மாட்டார், மண்ணைத் தட்டிக்கொண்டு சிரிப்பார், கல்யாணத்தில் எல்லாச் சடங்கும் செய்வார், உங்கள் இரண்டு பேருக்கும் அட்சதை போடுவார். அந்தச் சிரிப்பை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன், இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது. இங்கே அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் தெரியுமா, கடைக்கு வருகிற லாரி டிரைவரிடம் எல்லாம் பம்பாய்க் கதைதான். பிளாட்பாரத்தில் நின்றபடி அவரும் அதைப் பார்த்திருக்கிறார், ரயில் கிளம்பியதும் எம்பையன் எனக்காக ஓடுற வண்டியிலேர்ந்து குதிக்கப் பாத்தான் என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போகிறார்.

அதனால் நீ ஒன்று செய்ய வேண்டும். என்னிடம் மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதாதே, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன். அப்பாவிடமும் ஒன்றும் கேட்காதே, கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். நேராக வேணுகோபால் சார் வீட்டுக்குப் போ, ஆபீசில் சொல்லாதே, வீட்டுக்குப் போய்ச் சொல். அன்றைக்கு ரயில் ஏறாமல் நின்றவர் ஊர்க்காரர் இல்லை சார், என் அப்பா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்டால் அதற்கும் உண்மையைச் சொல், அவர் உன்னை ரயிலில் இருந்து இழுத்துக் காப்பாற்றின மனுஷன், இதையும் தாங்கிக்கொள்வார். தாங்காமல் கொஞ்சம் மட்டமாக நினைத்தால் நினைக்கட்டும், உன்னைத்தானே நினைப்பார், உன் அப்பாவை நினைக்க மாட்டாரே. நம் வீட்டுக்கு வரப்போகிற அந்தப் பெண்ணிடமும் சொல்லி வை, மாமனார் பஞ்சர் கடை வைத்திருக்கிறார், பஸ்ஸில் கடைசியாகத்தான் ஏறுவார் என்று. சொன்ன பிறகு எனக்கு எழுது. உன் கடிதத்தை அப்பாவுக்கு நான் படித்துக் காட்ட வேண்டும், அதனால் விவரம் எதுவும் வேண்டாம், சொல்லிவிட்டேன் அம்மா என்று மட்டும் போடு. என்னத்தச் சொன்னான் என்று கேட்டால் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். அந்த வரி வந்தால் அன்றைக்கே திருச்சிக்கு ஆள் அனுப்பி டிக்கெட் எடுக்கச் சொல்கிறேன். வராவிட்டால் எனக்கு மூட்டுவலி, ரயிலில் உட்கார முடியாது என்று சொல்லி நான் நின்றுகொள்வேன், என்னை விட்டுவிட்டு அவர் கிளம்ப மாட்டார். மகன் கல்யாணத்தைப் பார்க்காமல் இருந்தாலும் இருப்பேனே தவிர, அவரை அந்த ஸ்டேஷனில் ஊர்க்காரராகக் கொண்டுபோய் நிறுத்த மாட்டேன்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே தம்பி, எழுதும்போதே தாள் நனைகிறது. நீ நல்லவன், ஒரு நிமிஷம் வெட்கப்பட்டுவிட்டாய், அவ்வளவுதான், அதை அந்த ஒரு நிமிஷத்தோடு முடித்துவிடு. வருகிற தீபாவளிக்கு மறக்காமல் எண்ணெய் தேய்த்துக் குளி, நான் இல்லை என்று சும்மா தலையில் தண்ணீரை ஊற்றிக்கொள்ளாதே. தண்ணீர் காய்ச்சிக் குடி. ஓடுகிற ரயிலில் வாசலில் தொங்காதே. மதுரகாளித் தாய் துணையிருப்பாள், நீயும் வரப்போகிறவளும் பல்லாண்டு ஒற்றுமையாக, குலம் தழைக்க நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம்.

கடிதத்தை ஒட்டுவதற்குள் அப்பா சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். தம்பிக்கா எழுதுற, நாஞ் சொல்றதையும் எழுது என்கிறார். வேணுகோபால் சார் நமக்காக இவ்வளவு செய்கிறாரே, வெறுங்கையோடு போய் இறங்கினால் நன்றாக இருக்காதாம், ஸ்டேஷனிலேயே அவர் கையில் கொடுக்க வேண்டுமாம், அவருக்கு முறுக்கு பிடிக்குமா அதிரசம் பிடிக்குமா என்று உன்னைக் கேட்டு எழுதச் சொல்கிறார். நான் எழுதிவிட்டேன். நீயே பதில் போடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
பொன்னம்மாள்